கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால்

ஹினோகுச்சி
நவம்பர் 4

அன்புள்ள அத்தைக்கு,

இங்கே காலை வேளைகளில் புல்மேல் உறைபனி விழத் தொடங்கிவிட்டது. தீவில் ஆரஞ்சு பழுத்திருக்கும். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடச் சமையலறையில் அந்தப் பெரிய அண்டாவை இன்னும் நீங்களேதான் இறக்குகிறீர்களா? வேண்டாம் என்று போன தடவை தொலைபேசியில் சொன்னேன். நீங்கள் "ஆமா, நல்ல மழை" என்று பதில் சொன்னீர்கள். அதனால்தான் இனிமேல் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

உங்களைச் சிரிக்கவைக்க ஒரு செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை நான் மலைவழி மாரத்தான் ஓடினேன். உங்கள் மகன் தொமோகி வருடா வருடம் ஓடினாரே, அதே ஓட்டம். அவர் விபத்தில் போய் மூன்று வருடமாகியும் அவர் பெயருக்கு அழைப்பு அட்டை வந்துகொண்டே இருந்தது. இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்லத்தான் கோடையில் ஓட்டக் குழுவுக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் இருந்த பெண் மன்னிப்புக் கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், "பரவால்ல, என் பேரைப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

சங்கு ஊதித்தான் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். எல்லாரும் ஊருக்குள் வேகமாக ஓடி, தேவதாருக் காட்டில் ஏறிய உடனே நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு ஒரே ஆச்சரியம். மாரத்தான் என்று பேர் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடக்கிறார்களே! பிறகுதான் புரிந்தது, அந்த ஏற்றத்தில் ஓட ஆட்டால்தான் முடியும்.

நான் கடைசி. எனக்குப் பின்னால் தோளில் சாக்குப்பை மாட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். குப்பை பொறுக்குகிறவர் என்று நினைத்து, "நீங்க முன்னால போங்க, எனக்காக நிக்காதீங்க" என்றேன்.

"நிக்கலீங்க. நான்தான் கடைசி ஆள். நீங்க முன்னால போனாத்தான் எனக்கு வேலை" என்றார்.

மரங்களில் கட்டிய வழிகாட்டி ரிப்பன்களை அவிழ்த்துக்கொண்டே, கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வருவதுதான் அவர் பொறுப்பாம். இறக்கத்தில் எனக்குக் கால் நடுங்கி, உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். அவரும் அதற்கேற்ப நின்று நின்று வந்தார். கெடு முடிவதற்குள் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டேன். இன்றுவரை மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வணக்கத்துடன்,
கயோகோ


ஒகிஷிமா தீவு
நவம்பர் 19

கயோகோவுக்கு,

உன் கடிதம் படகில் வந்து சேர்ந்தது. சமையலறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆடு வரும் இடத்தில் ஒருத்திக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. என் முட்டிக்கு ஒன்றும் இல்லை. அண்டாவை நான் தூக்காமல் யார் தூக்குவது?

இப்போது நான் கேட்பதற்கெல்லாம் பதில் எழுது. அங்கே மேலே என்ன இருக்கிறது? ஒவ்வொரு வருடமும் ஓட்டம் முடிந்த மாலையில் தொமோகி எனக்குப் போன் செய்வான். "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்பேன். "நல்லாருந்துச்சு" என்பான். அதோடு சரி. அவனிடமிருந்து வார்த்தை வாங்குவதும் சிப்பியை விரலால் திறப்பதும் ஒன்று, உனக்கும் தெரியும். கால் நகம் பெயர்ந்து போக, காசைக் கட்டிவிட்டு, ஒரு மனிதன் எதற்காக அங்கே போனான்? எனக்கு அப்போதிருந்தே இது புரியவில்லை. இப்போது நீயும் போய் வந்திருக்கிறாய். அதனால் உன்னைக் கேட்கிறேன்.

வழியில் என்ன சாப்பிடக் கொடுத்தார்கள்? மற்றவர்கள் எல்லாம் எப்படிப்பட்ட ஆட்கள்? உன் பின்னால் சாக்குப்பையோடு வந்தவர் யார்? அவருக்கு வேறு வேலை இல்லையா?

பழம் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அடியில் இருப்பவை சீக்கிரம் அழுகும், அவற்றை முதலில் சாப்பிடு.

அத்தை
ஹிசானோ


ஹினோகுச்சி
டிசம்பர் 14

அன்புள்ள அத்தைக்கு,

பழம் வந்தது. அடியிலிருந்தே சாப்பிடுகிறேன். இங்கே முழங்கால் அளவு பனி. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. வருடக் கடைசி என்பதால் நாங்கள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை குவிந்து கிடக்கிறது. புத்தாண்டுக்குச் செய்யும் ஒட்டும் அரிசிக் கட்டியைக் கடிக்க எல்லாருக்கும் பல் வேண்டுமே.

நீங்கள் கேட்டவை. தண்ணீர்ப் பந்தல்கள் மூன்று. முதலாவதில் வாழைப்பழமும் உப்புப் பிளம்மும். இரண்டாவது ஒரு கோயில் வாசலில். அங்கே பூசாரியின் மனைவி வெள்ளரிக்காயை மிசோ விழுதில் தோய்த்துக் கொடுத்தார். மூன்றாவது மலைமுகட்டில். அங்கே சூடான சூப் என்று போட்டிருந்தார்கள், நான் போய்ச் சேர்ந்தபோது வெறும் வெந்நீர்தான் மிச்சம். அதையும் இரண்டு கிண்ணம் குடித்தேன்.

ஆட்கள் இருநூறு பேர் இருப்பார்கள். ஒசாகாவிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்திருந்தார், என்னைப் போலவே மூச்சு வாங்கினார். ஒரு தம்பதி காலையிலிருந்து சண்டை போட்டுக்கொண்டே ஓடினார்கள், முடிவுக் கோட்டில் கையைப் பிடித்துக்கொண்டார்களாம். மேலே பீச் மரங்களுக்கு நடுவில் வரும்போது இலை முழுக்க மஞ்சள். வெயில் வேண்டியதில்லை, இலையே வெளிச்சமாக இருக்கிறது. முகட்டிலிருந்து வடக்கே கடல் தெரியும். அது நம் கடல் இல்லை, வேறு நிறம்.

சாக்குப்பைக்காரர் பெயர் நிஷிமோரி. பக்கத்துப் பள்ளத்தாக்கில் நாற்று நடும் இயந்திரம், மரம் அறுக்கும் இயந்திரமெல்லாம் பழுது பார்க்கிறார். கல்யாணம் ஆகவில்லை. அப்பாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம், அவர் போன வருடம் இறந்துவிட்டார். யாரையும் அவசரப்படுத்தத் தெரியாதவர் என்றுதான் குழுவில் அவரைக் கடைசி ஆளாக வைத்திருக்கிறார்கள். தொமோகியையும் அவருக்குத் தெரியுமாம்.

புத்தாண்டுக்கு அரிசிக் கட்டியைச் சின்னதாக வெட்டிச் சாப்பிடுங்கள். தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

கயோகோ


ஒகிஷிமா
ஜனவரி 8

கயோகோவுக்கு,

புது வருடம் உனக்கு நல்லதாக அமையட்டும். அரிசிக் கட்டியை முழுசாகத்தான் சாப்பிட்டேன், உயிரோடுதான் இருக்கிறேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "தொமோகியையும் அவருக்குத் தெரியுமாம்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் அரிசிக் கட்டிக்குப் போய்விட்டாய். தெரியும் என்றால் என்ன தெரியும்? அவர் என்ன சொன்னார்? கேட்டு எழுது.

இயந்திரம் பழுது பார்ப்பவர் என்றால் நல்லதுதான். எங்கள் படகுத்துறையில் அப்படி ஒருத்தர் இல்லாமல் எல்லாரும் திண்டாடுகிறார்கள்.

இங்கே காற்று பலமாக இருக்கிறது. வீட்டு மாடத்தில் தொமோகி படத்துக்கு முன்னால் உன் கடிதங்களை வைத்திருக்கிறேன். அவனும் படிக்கட்டும், வார்த்தைகள் எப்படி வரும் என்று தெரிந்துகொள்ளட்டும்.

ஹிசானோ


ஹினோகுச்சி
மார்ச் 24

அன்புள்ள அத்தைக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். சளியும் காய்ச்சலும் வந்து போயின. இப்போது நன்றாக இருக்கிறேன். உங்களுக்குப் பள்ளி விடுமுறை தொடங்கியிருக்கும், கொஞ்சம் கால் நீட்டிப் படுங்கள்.

பனி உருகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவினரோடு பாதை சீர் செய்யப் போகிறேன். இந்த வழியெல்லாம் தானாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். இல்லை அத்தை. ஒவ்வொரு குளிர்காலத்துக்குப் பிறகும் பாதி வழி காணாமல் போய்விடுகிறது. மரம் விழுந்து கிடக்கும், மண் சரிந்திருக்கும், காட்டுப்பன்றி தோண்டிப் போட்டிருக்கும். நிஷிமோரி முன்னால் அறுத்துக்கொண்டே போவார், நாங்கள் பின்னால் இழுத்துப் போடுவோம். கரடி கிட்டே வராமல் இருக்க எல்லாரும் இடுப்பில் மணி கட்டியிருப்போம். பால்மாடுகள் கூட்டமாகப் போவதுபோல் இருக்கும்.

போன வாரம் ஓடை தாண்டும்போது வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. பயப்பட வேண்டாம், எலும்புக்கு ஒன்றும் இல்லை. நிஷிமோரி என்னை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். வழியெல்லாம் எனக்கு வெட்கம். "கனமா இருக்கேனா?" என்று கேட்டேன். கொஞ்ச தூரம் யோசித்துவிட்டு, "நாற்று மெஷினை விடக் கம்மி" என்றார். மற்றவர்கள் சிரித்ததில் மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்தன. அவருக்கு மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை.

இறக்கத்தில் எப்படி ஓடுவது என்றும் கற்றுக்கொடுத்தார். கால் வைக்கும் இடத்தைப் பார்க்கக் கூடாதாம், அதற்கடுத்த இடத்தைப் பார்க்க வேண்டுமாம். வரும் ஓட்டத்தில் கடைசியாக வரமாட்டேன் என்று நினைக்கிறேன்.

கயோகோ


ஒகிஷிமா
மே 10

கயோகோவுக்கு,

கணுக்கால் சரியாகிவிட்டதா? வெந்நீரில் உப்புப் போட்டு வை. இங்கே ஆரஞ்சு பூத்திருக்கிறது, தீவு முழுக்க ஒரே வாசனை, தலை வலிக்கிறது.

சொன்னால் நம்பமாட்டாய், நானும் ஓடிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பழத்தோட்டத்துக்கு ஏறும் வழி இருக்கிறதே, அங்கே. சமையல் வேலை முடிந்து, தலைத்துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடினேன். பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "ஹிசானோம்மா, என்ன தீஞ்சு போச்சு?" என்று கத்தினார்கள். முதல் திருப்பத்திலேயே மூச்சு நின்றுவிட்டது. அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தால், எத்தனையோ வருடமாகத் தினமும் பார்க்கும் கடல்தான், ஆனால் நெஞ்சு படபடக்கும்போது வேறு மாதிரி இருந்தது. இதற்காகத்தான் போனானா? தெரியவில்லை. இது ஒரு காரணமாக இருக்கலாம், முழுக் காரணம் இல்லை என்று தோன்றுகிறது.

நிஷிமோரி அவனைப் பற்றி என்ன சொன்னார் என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். காய்ச்சலில் மறந்திருப்பாய். மறக்கவில்லை என்றால், சொல்ல விருப்பமில்லை என்று அர்த்தம். அப்படியானால் விட்டுவிடு, நான் மறுபடி கேட்கமாட்டேன்.

ஹிசானோ


ஹினோகுச்சி
ஜூலை 20

அன்புள்ள அத்தைக்கு,

மழைக்காலம் முடிந்துவிட்டது. வெயில் கடுமையாக இருக்கிறது. உங்கள் சமையலறையில் இன்னும் கொதிக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

ஆகஸ்டில் முன்னோரைக் கும்பிடும் ஓபோன் பண்டிகைக்கு இந்த வருடம் தீவுக்கு வர முடியாது போலிருக்கிறது. வேலை அதிகம். தொமோகியின் கல்லறையை நீங்கள் மட்டும் கழுவும்படி ஆகிவிட்டது. மன்னிக்க வேண்டும். ஊதுபத்தியும் இனிப்பும் தனியாக அனுப்புகிறேன்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கயோகோ


ஒகிஷிமா
செப்டம்பர் 12

கயோகோவுக்கு,

வெயில் இப்போதுதான் இறங்குகிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. பதில் எழுதாமல் இருந்தது கோபத்தால் என்று நீ நினைத்திருப்பாய். முதல் சில நாட்கள் கோபம்தான். கல்லறையைக் கழுவினேன், இனிப்பு வைத்தேன், விளக்கைக் கடலில் விட்டேன். அதற்குப் பிறகு உன் கடிதங்களை வரிசையாக எடுத்து மறுபடி படித்தேன்.

நவம்பரில் அவர் சாக்குப்பைக்காரர். டிசம்பரில் பேர், தொழில், கல்யாணம் ஆகவில்லை, எல்லாம் வந்துவிட்டது. மார்ச்சில் முதுகிலேயே ஏறிவிட்டாய். ஜூலையில் அவர் இல்லை. அவர் மட்டுமா, மலையே இல்லை. பாதை இல்லை, ஓட்டம் இல்லை, கரடி மணி இல்லை. பல்செட் செய்பவர்களுக்கு ஆகஸ்டில் என்ன அவ்வளவு வேலை?

அதனால் நேராகக் கேட்கிறேன். அந்த மனிதர் செத்துப் போய்விட்டாரா, அல்லது உனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டதா?

பதில் எழுத வேண்டாம். நான் வருகிறேன். ஓட்டக் குழுவுக்குப் போன் செய்தேன். உனக்குக் கிடைத்த அதே பெண்தான் எடுத்தாள் என்று நினைக்கிறேன், ஒவ்வொரு வார்த்தைக்கும் மன்னிப்புக் கேட்டாள். முகட்டுப் பந்தலில் போன வருடம் சூப் தீர்ந்துபோனதை எடுத்துச் சொல்லி, நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கே சமைப்பவள் என்றேன். பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுவிட்டு வரச் சொன்னாள். காட்டுப் பாதையில் சாமான் வண்டி முகடுவரை போகுமாம். பன்றி இறைச்சி அவர்கள் வாங்குகிறார்கள், முள்ளங்கி நான் கொண்டு வருகிறேன்.

ஹிசானோ


ஹினோகுச்சி
செப்டம்பர் 20

அன்புள்ள அத்தைக்கு,

வாருங்கள். முகட்டில் காற்று அடிக்கும், கனமான கோட்டு எடுத்து வாருங்கள். ரயில் நிலையத்துக்கு நான் வண்டி கொண்டு வருகிறேன்.

அவர் நலமாக இருக்கிறார். உங்களிடம் சொல்ல வேண்டியதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நேரில் சொல்லப் பார்க்கிறேன்.

கயோகோ


ஒகிஷிமா
நவம்பர் 2

கயோகோவுக்கு,

படகு ஆடாமல் வந்தது. முட்டி வீங்கியிருக்கிறது, அதைப் பற்றி ஒன்றும் எழுதாதே. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குச் சமைக்க வேண்டியிருந்ததால் விடியும் முன்பே கிளம்பிவிட்டேன். உன் வீட்டில் தங்கிய இரண்டு இரவும் நீ வாயைத் திறந்து திறந்து மூடினாய், "இன்னும் கொஞ்சம் டீ குடிக்கிறீங்களா?" என்றாய். இவ்வளவு டீ நான் என் வாழ்நாளில் குடித்ததில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

முகட்டில் காலையிலிருந்து சூப் ஊற்றினேன். முதலில் வந்தவர்கள் கிண்ணத்தை வாங்கி நின்றபடியே குடித்துவிட்டு ஓடிவிட்டார்கள், முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. நடுவில் வந்தவர்கள்தான் என் ஆட்கள். ஒருத்தர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். ஏன் என்று கேட்டேன். "தெரியலீங்க, சூடா இருக்கு" என்றார். அந்தச் சண்டைக்காரத் தம்பதியும் வந்தார்கள். முள்ளங்கி வெந்ததா இல்லையா என்று அதற்கும் சண்டை.

நீ அந்த நடுக் கூட்டத்தில் வந்தாய். நன்றாக ஓடி வந்தாய், பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் சூப்பைக் குடித்துவிட்டு நீ போகவில்லை. கூட ஓடி வந்தவர்கள் எல்லாம் போன பிறகும், வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றாய். கிண்ணம் காலி, குடிப்பதுபோல் வாயில் வைத்துக்கொண்டிருந்தாய். நான் "போ, உடம்பு ஆறிடும்" என்று சொன்ன பிறகுதான் போனாய். நீ பேச வேண்டிய எல்லாவற்றையும் அப்போதே பேசிவிட்டாய்.

வெகு நேரம் கழித்து அவர் வந்தார். அவருக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பெண் நொண்டிக்கொண்டு வந்தாள், அவளை வண்டியில் ஏற்றிவிட்டோம். பந்தலைப் பிரித்தார்கள். என்னையும் வண்டியில் ஏறச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். கீழே வரை நடக்கிறேன், கடைசி ஆள் ஒருத்தர் இருக்கும்போது எனக்கென்ன பயம் என்றேன். குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் மட்டும், "மெதுவாப் போலாம்" என்றார்.

நான் யார் என்று சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, தலை முட்டியில் படுமளவு குனிந்தார். பிறகு இருவரும் நடந்தோம். அவர் ரிப்பனை அவிழ்ப்பார், நான் பிடித்துக்கொள்வேன். கொஞ்ச தூரம் போனதும் கேட்டேன், "என் பையன் இங்க என்ன பண்ணுவான்?"

"பேசுவாருங்க" என்றார்.

என் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டேன். சத்தமாகச் சொன்னார், "கடைசிக் கூட்டத்துல பேசிக்கிட்டே வருவாரு. ஏத்தத்துலயும் பேசுவாரு, இறக்கத்துலயும் பேசுவாரு. அவர் பேச்சுக்காகவே ரெண்டு மூணு பேர் அவர் வேகத்துல ஓடுவாங்க. கேட்டுக்கிட்டே நானும் சிலசமயம் ரிப்பனை அவுக்காம விட்டுடுவேன்."

கயோகோ, நீ ஏன் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது. பத்து வருடம் ஒரே மேசையில் உன்னோடு உட்கார்ந்து "ம்" என்று மட்டும் சொன்னவன், இங்கே முன்பின் தெரியாதவர்களிடம் கொட்டியிருக்கிறான். உனக்கு வலித்திருக்கும். எனக்கும் வலிக்கும் என்று நினைத்து அதை நீயே வைத்துக்கொண்டாய். வலித்தது. கையிலிருந்த ரிப்பன்களை மடித்துக்கொண்டே நடந்தேன்.

அப்புறம் ஆசை தாங்கவில்லை. "என்னதான் பேசினான்?" என்றேன். பேஸ்பால், வானிலை, அலுவலகத்தில் யாரோ குறட்டை விடுவது. "அப்புறம், ஸ்கூல் சமையக்காரம்மா புள்ளையாப் பொறந்தது பெரிய கொடுமைன்னு சொல்வாரு. ஊர்ல எல்லாப் பசங்களும் கேரட்டை ஒளிச்சு வப்பாங்களாம், அவரால மட்டும் முடியாதாம். அம்மா ஜன்னல்ல நின்னு பாப்பாங்களாம்." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று என்னைப் பார்த்தார். நான் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவனை நினைத்து நான் சிரித்து எவ்வளவு காலமாகிவிட்டது தெரியுமா?

வீட்டில் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியாது. ஓடும்போது யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, அதனால் இருக்கலாம். இனி அவனைக் கேட்க முடியாது. நீயும் அதைத் தோண்டிக்கொண்டிருக்காதே. மேலே அவன் சந்தோஷமாக இருந்தான். என் கேள்விக்கு அது போதும்.

கடைசி இறக்கத்தில், ஊர் தெரிய ஆரம்பித்ததும், பையை என்னிடம் கொடுக்கச் சொன்னேன். "எதுக்குங்க?" என்றார். "இன்னைக்குக் கடைசி ஆள் நான். நீங்க முன்னால ஓடுங்க. அங்க ஒருத்தி காத்துக்கிட்டு நிப்பா" என்றேன். காது வரை சிவந்துபோனார். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவருக்குப் பின்னால் யாரும் வந்ததில்லையாம். எப்படி ஓடுவது என்று தெரியாதவர்போல் நின்றார். நான் முறைத்த பிறகுதான் ஓடினார்.

பின்னால் வந்ததால் எல்லாவற்றையும் நான் பார்த்தேன். அவர் வருவதைப் பார்த்து உன் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகத்தை நான் உன்னிடம் பார்த்ததில்லை, உன் கல்யாணத்தன்றும் பார்த்ததில்லை. அடுத்த நொடி அவருக்குப் பின்னால் பையோடு வரும் என்னைப் பார்த்தாய். உடனே அந்த முகத்தை மாற்றிக்கொண்டாய். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, மருமகளாகிவிட்டாய்.

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வீங்கிய முட்டியோடு உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுவது அதற்காகத்தான். என்னைப் பார்த்து இனி அப்படி முகத்தை மாற்றாதே. அவரைக் கட்டிக்கொள், குடும்பப் பேரை மாற்றிக்கொள், அந்தப் பள்ளத்தாக்குக்கே போய்விடு. எனக்குப் பிள்ளை ஒருத்தன்தான், அவன் போய்விட்டான். நீ போகவில்லை. நான் உனக்கு அத்தை என்பது அவன் வழியாக வந்தது, ஆனால் இந்த ஒரு வருடம் நமக்குள் போய்வந்த கடிதங்களை அவன் எழுதவில்லை, நீயும் நானும்தான் எழுதினோம்.

நிஷிமோரியிடம் ஒன்று சொல். எங்கள் படகுத்துறைக்காரர்களிடம் அவரைப் பற்றிப் பேசிவிட்டேன். மோட்டார்களை எல்லாம் இப்போதே வெளியே எடுத்து வரிசையாக வைத்துக் காத்திருக்கிறார்கள். எப்போது வருகிறீர்கள் என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து எழுதுங்கள்.

குளிர் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஹிசானோ